இனி நிமிரலாம்

“நிமிரு வினிதா. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்களே, இனி நிமிரலாம்னு.”

தினகரன் இரண்டு கைகளையும் நீட்டினான். அவற்றைப் பற்றிக்கொண்டு சோபாவிலிருந்து எழுந்தாள் அவன் மனைவி.

எழுந்தவள், வளைந்தபடியே நின்றாள்.

குரோம்பேட்டையில் ஆபரேஷன் முடிந்து இரும்புலியூர் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் நடை இதுதான். இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்து விரிந்துபோன வயிறு. நடுவில் விலகிக் கிடந்த தசையை இழுத்துச் சேர்த்துத் தைத்து, தொங்கிய தோலை வெட்டி எடுத்திருந்தார்கள். சட்டென்று நிமிர்ந்தால் தையல் தெறிக்கும், ஆரம்பத்தில் குனிந்தே நடக்கட்டும் என்று டாக்டர் ரோஹிணிதான் சொல்லியிருந்தார்.

குனிந்தே நடந்தாள். கால்களில் ரத்தம் உறைந்துவிடக் கூடாதென்று ஹாலுக்கும் படுக்கையறைக்குமாகக் குட்டிக் குட்டி நடை. நடந்து முடித்தால் முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் பாதி உட்கார்ந்த வாக்கில் படுக்கை. இருமல் வந்தால் இன்னொரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். குடம் ஆகாது. குக்கர்கூட ஆகாது.

எல்லாவற்றுக்கும் கூடவே இருந்தான் தினகரன். ஜி.எஸ்.டி. ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். இரண்டு கல்லைச் சேர்க்கப் பசை வேண்டும், சிமென்ட் வேண்டும் என்று மட்டுமே தெரிந்தவன்.

இன்று காலை டாக்டர் அவள் வயிற்றில் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றிக் காட்டியபோது அசந்து போனான்.

இடுப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி, சதை தானாகவே ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதுக்குள்ளயா டாக்டர் ரெண்டு பேரு இருந்தானுங்க?” என்று உளறியும்விட்டான்.

டாக்டர் சிரித்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னார். நிமிரலாம்.

நிமிரவில்லையே!

“பார்த்தியாடா?” ஆரம்பித்துவிட்டாள் அக்கா அங்காளம்மாள். உதவிக்கென்று பீர்க்கன்கரணையிலிருந்து வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே உதவிக்கொண்டிருப்பவள். “கூன் உழுந்துடுச்சு. நான் அப்பவே இன்னா சொன்னேன்? புள்ள பெத்த வயிறு தொங்கத்தான் தொங்கும், அது பாட்டுக்குக் கெடக்கட்டும்னு சொன்னேன். கேட்டியா? இப்போ ஜாக்கெட்டு மாதிரி டைட்டா தெச்சு அனுப்பிச்சுட்டானுங்க. தோலு பத்தலடா தம்பி! எப்டி நிமிருவா?”

“சும்மா இரு அக்கா.”

அதட்டினானே ஒழிய, தினகரனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. ஆபரேஷனே வேண்டாம் என்று குடும்பமே ஒற்றைக் காலில் நின்றபோது, சரி என்று சொன்ன ஒரே ஆள் அவன். ஒருவேளை அக்கா சொல்வதுதான் நிஜமோ? இனி ஆயுசுக்கும் இவள் இப்படியேதானோ?

“வலிக்குதா?”

“இல்லீங்க.”

“இழுக்குதா?”

“லேசா. தாங்கலாம்.”

“அப்புறம் ஏன்மா?”

வினிதா அங்காளம்மாளை ஒருமுறை பார்த்தாள். அவனை ஒருமுறை பார்த்தாள். கையும் களவுமாக மாட்டிக்கொள்ளப் போகிறவளின் பார்வை.

பிறகு மூச்சை இழுத்தாள்.

இடுப்பு நேரானது. முதுகு நேரானது. அப்பாடா என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

அவள் இன்னும் எழுந்துகொண்டிருந்தாள்.

தோள்கள் பின்னுக்குப் போயின. கழுத்து நீண்டது. அவன் கண்ணுக்கு நேரே இருந்த ஸ்டிக்கர் பொட்டு மெல்ல மேலே போனது. புருவங்கள் போயின. கண்களும் போயின. மூக்குத்தி வந்துதான் நின்றது.

மீனம்பாக்கத்தில் ஏறும் விமானத்தைப் பார்ப்பவன் போல அண்ணாந்தான் தினகரன். எத்தனை வருஷமாக இவளோடு ஒரே வீட்டில் இருக்கிறான்! யாரோ ஒரு மகாராணி வந்து தன் மனைவியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது.

அங்காளம்மாள் படக்கென்று எழுந்தாள்.

“அடுப்புல பாலு வெச்சேன்” என்று சமையலறைக்கு ஓடினாள்.

அடுப்பில் பால் இல்லை.

“வினிதா…” அவன் அண்ணாந்தபடியே கேட்டான். “நீ என்னைவிட உசரமா?”

“பொண்ணு பார்க்க வந்தப்ப உங்க அக்காதான் உள்ளே வந்து காதுல சொன்னாங்க. தம்பி கொஞ்சம் குட்டை, குனிஞ்சாப்புல நில்லும்மான்னு.”

குனிந்த தலை நிமிராத பெண் என்று அன்றைக்குச் சொந்தபந்தமெல்லாம் அவளை மெச்சிக்கொண்டு திரும்பியது அவனுக்கு ஞாபகம் வந்தது.

“அது அன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே!”

“அப்படித்தாங்க நானும் நெனச்சேன்” என்றாள் வினிதா, அந்த உயரத்திலிருந்து. “அதுக்கப்புறம் நிமிருன்னு யாரும் சொல்லலையே.”