ராஜாவின் பட்டங்களும் ஏரி உடைப்பும்

ராஜாக்கள் காலத்தில், ஒரு விரோதி வருஷம், ஏரி உடைந்தது. குயத்தி பெரியநாச்சி பானைகளில் மண்ணை நிரப்பி அடுக்கி, உடைப்பை அடைத்து ஊரைக் காப்பாற்றினாள். அதை வெட்டிவைக்க ஒரு கல்லைக் கொண்டுவந்து படுக்கப் போட்டார்கள்.

“சீக்கிரம் அவள் பேரை வெட்டுப்பா,” என்றது கல்.

“இரு, முதலில் ராஜாவின் பட்டங்கள்,” என்றது உளி. “சிங்கங்களுக்கெல்லாம் சிங்கம், சமுத்திரத்தையே மிரட்டியவர்...”

“சமுத்திரத்தையா? ஏரி உடைந்ததும் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்தவராச்சே!”

“சிரிக்காதே, நீ குலுங்கினால் எழுத்து கோணும்.”

மழை வந்தது, வெயில் வந்தது. பட்டங்கள் கல்லின் கடைசி ஓரத்தைத் தொட்டபோது அரண்மனையில் சங்கு ஊதினார்கள். ராஜா போய்ச் சேர்ந்துவிட்டார்.

“அப்பாடா! இனிமேல் பெரியநாச்சிதானே?”

“புது ராஜா வந்தாச்சு,” என்றது உளி. “கொஞ்சம் திரும்பிப் படு.”