பேரோட இருக்குது

ராத்திரி பதினோரு மணிக்கு பட்டுக்கடைய உள்பக்கமா பூட்டிகினு உதயாக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, உங்க சேலை டிசைன் அழியல."

"வெளையாடாத காவ்யா. எம் பேரப் போட்டு சேவ் பண்ணும்போதே முதலாளி மெயின் சுவிச்ச ஆஃப் பண்ணி என்னத் தொரத்திட்டாரே."

"கம்ப்யூட்டர்ல டிசைனெல்லாம் சேவ் ஆவுற பொட்டிக்குள்ள ஒரு பேட்டரி இருக்குதுக்கா. கரண்ட் போனப்ப பாதியில நின்னத அது புடிச்சி வெச்சிக்கினு இருந்துச்சி. இப்ப ஆன் பண்ணேன். பார்டர், முந்தானி, உங்க பேரு, எல்லாம் முழுசா இருக்குது. உங்க போனுக்கு அனுப்பிட்டேன்."

"அடிப்பாவி, தெரிஞ்சா உன்னையும் கடைய விட்டுத் தொரத்துவாரு."

"பயமாதான் இருக்குது. ஆனா மறைக்க மாட்டேன். காலையில அவரு தோசைக்கு சட்னி ஊத்தும்போது நானே சொல்லிடுவேன், 'அது உதயாக்கா போட்ட டிசைன், அப்பா'ன்னு."