முறைத் தண்ணீர்

பிரெஞ்சுக்காரன் காலத்து மணிக்கூண்டு மூன்று அடித்தால் அமுதத்தின் தண்ணீர் முறை முடியும். மடையைப் பக்கத்து வயல்காரர் சம்மந்தத்துக்குத் திருப்பிவிட வேண்டும்; நான்கு அடிக்கும்வரை அவர் முறை. அன்றும் மூன்று அடித்தது. திருப்பினாள். அவள் வயல் பாதிகூட நனையவில்லை. சந்தேகப்பட்டுச் செல்போனைப் பார்த்தாள். மணி இரண்டுதான்.

அப்போதுதான் உறைத்தது. கூண்டு மணியைக் காலையிலேயே இறக்கி, அவள் புருஷன் தணிகைவேல் பழுதுபார்க்க வில்லியனூர்ப் பட்டறைக்கு வண்டியில் ஏற்றிப் போயிருந்தான். போனில் அவனைக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, மணி எங்க?"

"என் எதிர்லதான் கெடக்குது. நாக்கக்கூட கழட்டியாச்சி. ஏன்டி?"

அவள் வாய் திறப்பதற்குள் கூண்டு நிதானமாக நான்கு அடித்தது.

"அங்க யாருடி அடிக்கிறது?" என்றான் போனில்.

காலையில் மணியை இறக்கத் தோள் கொடுத்த சம்மந்தம், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன் மடையை அடைத்துக்கொண்டிருந்தார்.