பின்கதவுப் புடைப்பு

காலமான வாப்பாவின் பழைய ஒஸ்ரின் காரை அன்ஸார் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டி, வேறு எஞ்சினும் வைத்துவிட்டான். வாற கிழமை பக்கத்து வீட்டுக் கனகம்மாவின் மகளுக்குக் கலியாணம். பொம்பிளைக் கார் இதுதான். பெயின்ற் அடிக்குமுன், பின்கதவில் வெளியே தள்ளி நின்ற புடைப்பைத் தட்டச் சுத்தியலை ஓங்கினான்.

“தம்பி, அதைத் தட்டாதேங்கோ!” கனகம்மா வேலியடியிலிருந்து ஓடிவந்தாள்.

“கலியாணக் காருக்கு இது வடிவில்லையே மாமி? வாப்பாவும் இதைத் தொட விடேல்லை. ஏனெண்டு கேட்டால் சிரிப்பார்.”

“அந்த மனிசன் உங்களுக்குக்கூடச் சொல்லேல்லையா!” கனகம்மா புடைப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “உங்கட வாப்பா என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகேக்க, பிள்ளைப்பேற்று நோவில நான் உதைச்ச உதை தம்பி அது. வாற கிழமை இதில பொம்பிளையாய் ஏறப்போறவள், முதல்ல இந்தச் சீற்றிலதான் வந்து இறங்கினவள்.”