மடிக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர்

விரைவுச்சாலை ஓரம் காரை நிறுத்திவிட்டுப் பொறியாளர் மாசிலாமணி கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் தங்கை வீட்டுப் பந்தல். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடமே இருந்தது. இறங்குவழியைத் தவறவிட்டாயிற்று. அடுத்தது இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி. ‘இடையில் வெறும் பொட்டல், இறங்க ஆளில்லை’ என்று இந்தச் சாலைத் திட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட மேதாவி அவரேதான்.

தங்கை செண்பகவல்லி குழந்தையோடு வேலியோரம் வந்தாள். பின்னால் ஊசியோடு ஆசாரி.

“ஏறிக் குதிச்சு வாண்ணே.”

“மேல முள்கம்பிம்மா. மாடுகூடத் தாண்டக்கூடாதுன்னு நான்தான் போடச் சொன்னேன்.”

“இதுக்கா உன்னை அவ்வளவு படிக்க வச்சாங்க?”

மாசிலாமணி புழுதியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கம்பிக் கட்டங்களுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்தார். முழங்கை வரைதான் போனது.

“இதுல உட்கார வை.”

விரித்த உள்ளங்கைகளின் மேல் குழந்தை உட்கார்ந்தது. ஆசாரி குத்தினார். அது வீறிட்டு, மாமனின் கட்டைவிரலை இறுகப் பற்றிக்கொண்டது.

முதுகுக்குப் பின்னால் ரோந்து வண்டி வந்து நின்றது.

“இங்க நிறுத்தக்கூடாது சார். கையை எடுங்க. அடுத்த எக்ஸிட்ல இறங்கிப் போங்க.”