மச்சினன் முகம்

“என் பேரு ஆல்ட்ரின். வயசு இருவது. அமெரிக்காவுல, கன்சாஸ்ல படிக்கேன்.”

வீட்டு ஆட்களுக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது சொந்த ஊரான வள்ளியூர் முழுக்கச் சுற்றும். அதனால் பெயரிலிருந்தே தொடங்கினான்.

போன் அவன் சொன்னதை எழுத்தாக்கியது.

எதிர்க் கட்டிலில் பிரேடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அறைத் தோழன். பாஸ்கெட்பால் ஆடுகிறவன். கையிலிருந்த பர்கர் டப்பாவில் அவன் முகமே சிரித்தது. அதற்குக் கடைக்காரர் பணம் தருகிறார். இப்போது அது தப்பில்லை. கல்லூரிக்கு விளையாடுகிறவன் தன் பெயரை, முகத்தைக் காசாக்கிக்கொள்ளலாம்.

பிரேடி ஆக்கிக்கொள்ளலாம்.

மாணவர் விசாவில் வந்தவன் முகத்துக்குக் காசு வாங்கினால், அதை வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். அனுமதி இல்லாத வேலை. பிறகு ஊருக்கு விமானம்தான். வந்த முதல் வாரமே கல்லூரியில் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்கள்.

ஆல்ட்ரின் முகம் வள்ளியூரில் தொங்குகிறது.

மும்முறை தாண்டுதலில் ஜெயித்த அன்று எடுத்த படம். கல்லூரி பனியனோடு, காற்றில் காலை நீட்டி, வாய் பிளந்து. அக்கா புருஷனின் செருப்புக் கடை வாசலில், இரண்டு ஆள் உயர ஃப்ளெக்ஸ்.

அத்தான் ஆசையில்தான் வைத்தார். சொந்தக்காரர்கள் சும்மா விடவில்லை. மச்சினன் மூஞ்சியை ஓசியில் மாட்டி யாவாரம் பார்க்கிறான் என்று ஒரு கல்யாணப் பந்தியில் வைத்துச் சிரித்தார்கள்.

கை கழுவியதும் நேரே கடைக்குப் போனார் அத்தான். ஃப்ளெக்ஸ் பக்கத்தில் நின்று வீடியோ எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி போட்டார்.

“எவம்ல ஓசிங்கது? எம் மச்சினனுக்கு ரெண்டு லட்சம் எண்ணிக் குடுத்துத்தாம்ல படத்த மாட்டிருக்கேன்!”

அடியில் அவன் பெயர். அவன் கல்லூரியின் பெயர்.

ஒரு ரூபாய்கூட வரவில்லை. அவன் கேட்டதும் இல்லை.

யாரோ கீழே அதை ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுவிட்டார்கள்.

அது கல்லூரி வரை எட்டிவிட்டது. நாளைக் காலை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி மெயில். பாஸ்போர்ட்டோடு.

இங்குள்ள வங்கிக் கணக்கைத் திறந்து காட்டலாம். ஊரில் உன் அப்பா கையில் கொடுத்திருந்தால் என்று கேட்பார்கள். கொடுக்கவில்லை என்று அத்தான் சொல்ல வேண்டும். தன் வாயால். அதே ஊருக்கு முன்னால்.

“அந்த வீடியோவுல அத்தான் சொல்லுதது…”

நிறுத்தினான்.

காலையில் அக்கா தனியாக ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாள். பின்னால் குக்கர் சத்தம். “அத்தான பொய்யனாக்கிராதல தம்பி. நா இந்த வீட்டுலதான கெடக்கணும்.”

அழித்தான். மறுபடி பேசினான். விசா என்று வரும் இடத்தில் மட்டும் குரல் தானாக இறங்கியது. போன் அந்தச் சொல்லை விட்டுவிட்டது. உரக்கச் சொன்னால் பிரேடிக்குப் புரிந்துவிடும்.

அந்த வரியையும் அழித்தான்.

பிரேடி டப்பாவை நீட்டினான். இரண்டு உருளைக்கிழங்கு வறுவல் மிச்சம் இருந்தது. ஆல்ட்ரின் வேண்டாம் என்று தலையசைத்தான்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். போனை உதட்டோடு ஒட்டி வைத்தான்.

“இதப் படிக்கது யாரா இருந்தாலும் சரி. கடைக்குப் போயி படத்த எறக்கிருங்க. அத்தான ஒண்ணும் கேக்காதீங்க. அவரு மேல தப்பு இல்ல. இங்க காலேஜுலேருந்து யாராவது போன் போட்டு இந்தப் பையன் யாருன்னு கேட்டா…”

போன் காத்திருந்தது.

“தெரியாதுன்னு சொல்லிருங்க. அம்மா, நீயும்.”