துணிக் கத்தரி

தையல் கடைச் சுவரில் இத்தனை நாள் ஊமையாய்க் கிடந்த டிவிக்கு இன்றுதான் வாய் வந்திருக்கிறது. ஸ்பீக்கர் வயரைச் சரிசெய்த கொழுந்தன், ஸ்டூலை விட்டு இறங்காமலே திரையைப் பார்க்கிறான். எங்கும் சிவப்பு அம்புகள். கச்சா எண்ணெய் விலை ஏறியதால்தான் பங்குச் சந்தை சரிந்ததாம். கோட்டு போட்ட நிபுணர் அடித்துச் சொல்கிறார். "அண்ணி, உங்க பங்கையெல்லாம் வித்துடவா?" கொழுந்தனின் கட்டைவிரல் செல்போன் மேல் காத்திருக்கிறது. எல்லாம் தையல் கூலியில் சிறுகச் சிறுக வாங்கியவை. "இரு" என்கிறாள் தையல் மிஷினில் குனிந்திருக்கும் அண்ணி. மிஷின் ஓடுகிறது. ஜன்னல் வெயில் ஊசியில் ஏறி இறங்குகிறது. ஒரு சட்டைக் கை தைத்து முடிவதற்குள் அம்புகள் பச்சையாகிவிடுகின்றன. எண்ணெய் விலை ஏறியதால்தான் சந்தை எழுந்ததாம். அதே நிபுணர், அதே கோட்டு.

கொழுந்தன் திருதிருவென விழிக்கிறான். "இப்பதானே அண்ணி, அதனாலதான் விழுந்துச்சுன்னான்?"

"எனக்குத் தெரியலன்னு சொன்னா அவனுக்கு யாரு சம்பளம் குடுப்பா?" அவள் எழுகிறாள். காகிதம் வெட்டக்கூட யார் கையிலும் கொடுக்காத துணிக் கத்தரியோடு ஸ்டூல் அருகே வருகிறாள். "அண்ணி, அது வயரு. கத்தரி மொக்கையாயிடும்."

"ஆகட்டும். சாணை பிடிச்சுக்கறேன்."

நறுக்கென்று ஒரு சத்தம். நிபுணரின் வாய் மட்டும் அசைகிறது. அவள் மிஷினுக்குத் திரும்பி உட்காருவதற்குள் திரை மறுபடியும் சிவக்கிறது. கொழுந்தனின் கட்டைவிரல் எழும்புகிறது. அவள் தலை நிமிரவில்லை.

"போனை உள்ள வை. அந்த இன்னொரு சட்டைக் கையை எடு."